சின்னமலைச் சிரிப்பும் பள்ளிக்கரணைக் கண்ணீரும்

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். கிழக்குத் தாம்பரத்தில், மின்சார வண்டியின் ஓசை சன்னல் வழியே வந்து போகும் தொலைவில், ஒரு மாடிக் குடியிருப்பு. உணவு முடிந்துவிட்டது. பாட்டனார் சாய்வு நாற்காலியில் இருக்கிறார். மகனும் மருமகளும் தரையில் அமர்ந்திருக்கின்றனர். கல்லூரியிற் படிக்கும் பேத்தி, சுவரிற் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். தொலைக்காட்சியில் ஓடிக் கொண்டிருப்பது 'காதலிக்க நேரமில்லை'.

நாகேஷ் கதை சொல்லத் தொடங்குகிறார். பாலையா கேட்கத் தொடங்குகிறார். பேத்தி கைப்பேசியைக் கீழே வைக்கிறாள். பாட்டனாரோ, அடுத்து வருவது இன்னதென்று அறிந்தவர். அது வருமுன்பே சிரிக்கிறார். நால்வரும் சிரிக்கின்றனர், கண்ணில் நீர் வழியச் சிரிக்கின்றனர்.

1964-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த படம் அது. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதில் நடித்தோரிற் பலர் மறைந்தனர். அதை இயக்கிய ஸ்ரீதர் மறைந்தார். அதை முதலில் திரையிட்ட கொட்டகைகளிற் பல இன்று திருமண மண்டபங்களாகவும் வணிக மாளிகைகளாகவும் உருமாறிவிட்டன. சிரிப்பு மட்டும் சாகவில்லை!

ஏன் சாகவில்லை? இக்கேள்விக்கு விடை காண்பதே நம் வேலை. வேலையற்ற வேலை என்று எண்ண வேண்டாம், தோழர்களே! ஒரு நாட்டு மக்கள் எதைக் கண்டு அழுகிறார்கள் என்பது அவர்களுடைய துன்பத்தைக் காட்டும். எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்பது அவர்களுடைய அறிவு எதுவரை வந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதைக் காட்டும்.

பழமை விரும்பிகள் இதற்கு விடையொன்று வைத்திருக்கிறார்கள். "அது பொற்காலம்! ஆபாசமில்லை, அடிதடியில்லை, அரசியலில்லை, பிரசாரமில்லை. சிரிக்க வைத்தார்கள், சிரித்தோம், வீடு திரும்பினோம். உங்கள் இயக்கத்தார் திரைப்படத்திற் புகுந்து பக்கம் பக்கமாக வசனம் பேசி, படக் கொட்டகையைப் பொதுக்கூட்ட மேடையாக்கிவிட்டீர்கள். இந்தப் படத்திலோ கருத்து என்ற தொல்லையே கிடையாது. அதனாலேயே அது வாழ்கிறது!" என்பது அவர்களுடைய வாதம்.

கருத்தே இல்லையாம்! மீனுக்கு நீர் தெரிவதில்லை. இவர்களுக்குக் கருத்து தெரியவில்லை. கருத்தில்லாத சிரிப்பு என்பது உலகில் இல்லை. வாழைப்பழத் தோலில் ஏழை வழுக்கி விழுந்தால் நாலுபேர் ஓடிவந்து தூக்குவர். அதே தோலில் பட்டாடை அணிந்த பணக்காரர் வழுக்கி விழுந்தால், தூக்குமுன் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குள் ஒரு சமுதாயத்தின் வழக்கே அடங்கியிருக்கிறது. விழுந்தவர் யார், சிரிப்பவர் யார் என்று கேட்டுவிட்டால் போதும். கருத்து தானே வெளியில் வந்து நிற்கும்.

முதலில், நமக்கு அண்மையிலேயே இருக்கும் ஓர் ஊரிலிருந்து தொடங்குவோம். தாம்பரத்திலிருந்து வடக்கே குரோம்பேட்டையைத் தாண்டினால் பல்லாவரம். அதனை அடுத்து மேற்கே பம்மல். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது இவையெல்லாம் அதற்குள் அடங்கின. பல்லாவரம், மறைமலையடிகள் வாழ்ந்து, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய ஊர். பம்மலோ, ஒரு நாடகாசிரியரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு தமிழகமெங்கும் அறிமுகமான ஊர். கல்லுடைத்தவர்களும் தோல் பதனிட்டவர்களும் உழைத்த இந்த வட்டாரத்தின் பெயரை மேடைக்கு ஏற்றியவர் பம்மல் சம்பந்த முதலியார்.

அவர் 1873-இல் பிறந்தவர். சட்டம் பயின்றவர், நீதிபதியாகவும் இருந்தவர். 1891-இல், தம் பதினெட்டாம் வயதில், நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையை நிறுவினார். கூத்தாடி என்று இகழப்பட்ட காலத்தில், படித்தவர்களையும் பதவியிலிருந்தவர்களையும் அரிதாரம் பூச வைத்தார். விடிய விடியப் பாட்டாகவே நடந்த நாடகத்தில் உரைநடைப் பேச்சுக்கு உரிய இடம் தேடித் தந்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1964 செப்டம்பரில் மறைந்தார். 'காதலிக்க நேரமில்லை' திரைக்கு வந்த அதே ஆண்டு அது!

அவருடைய 'சபாபதி' 1941 டிசம்பரில் திரைப்படமாக வந்தது. மெய்யப்பரும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய படம். போர் ஆசியாவின் கிழக்குக் கோடியை எரித்துக் கொண்டிருந்த நேரம். சென்னை நகரமே அச்சத்தில் இருந்த நேரம். அந்த நேரத்திலும் தமிழன் அப்படத்தைப் பார்த்துச் சிரித்தான். இன்றும் சிரிக்கிறான்.

கதை என்ன? செல்வர் வீட்டுச் செல்லப்பிள்ளை ஒருவன், பெயர் சபாபதி. அவனுடைய வேலைக்காரன் ஒருவன். அவன் பெயரும் சபாபதி. டி. ஆர். இராமச்சந்திரன் எசமானனாகவும், காளி என். இரத்தினம் ஏவலாளாகவும் நடித்தனர். எசமானன் தேர்வில் தேறாதவன். வேலைக்காரன், சொன்ன சொல்லைச் சொன்னபடியே செய்து தொலைப்பவன். சோடாவை உடைத்துக்கொண்டு வா என்றால், புட்டியையே உடைத்துவிடுபவன்!

கொட்டகை குலுங்குகிறது. குலுங்கட்டும். நாம் கேட்பது இது: இரண்டு பேருக்கும் ஏன் ஒரே பெயர்?

இரண்டு முட்டாள்கள். பெயர் ஒன்று, அறிவு ஒன்று, அசட்டுத்தனமும் ஒன்று. ஆனால் ஒருவன் கட்டிலில் கிடந்து கட்டளையிடுகிறான். மற்றவன் கைகட்டி நிற்கிறான். அறிவின் காரணமாகவா அந்த வேறுபாடு? இல்லை. உழைப்பின் காரணமாகவா? இல்லவே இல்லை. பின் எதனால்? ஒருவன் பிறந்த வீடு மாளிகை. மற்றவன் பிறந்த வீடு குடிசை. அவ்வளவே! 'முன்வினைப் பயன்' என்றும் 'தலையெழுத்து' என்றும் ஆயிரமாண்டு உபதேசித்தார்களே, அந்த உபதேசத்தை ஒரே பெயரை இருவருக்குச் சூட்டியதன் மூலம் அந்நாடகம் கவிழ்த்துவிட்டது. எழுதியவர் புரட்சிக்காரர் அல்லர். அப்படி அவர் உரிமை கொண்டாடியதும் இல்லை. எனினும் நல்ல நகைச்சுவைக்கு ஒரு குணமுண்டு: எழுதியவன் நினைத்ததைவிட அதிகமாக அது உண்மை பேசிவிடும்.

இன்னொன்றையும் காணுங்கள். அப்படத்தில் அசட்டுக் கணவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தேற வைப்பவள் யார்? அவன் மனைவி! 1941-இல்! பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று வீட்டுக்கு வீடு கேட்ட நாளில், படித்த மனைவி, படிக்காத கணவன் என்று தலைகீழாக நிறுத்திக் காட்டினார்கள். சிரித்துக்கொண்டே தமிழன் அதனை ஒப்புக்கொண்டான்.

பாராட்டினோம். இனிக் குறையையும் கூறுவதே நேர்மை. எசமானன் படிக்கிறான், தேறுகிறான், மனிதனாகிறான். வேலைக்காரன்? அவனுடைய அறியாமை மட்டும் கடைசிவரை நமக்கு விளையாட்டுப் பொருள். அவனுக்கு ஏன் எழுத்தறிவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சொன்னதைச் செய் என்று பரம்பரை பரம்பரையாகப் பழக்கப்படுத்தப்பட்டவன், சொன்னதை மட்டும் செய்தால், 'முட்டாள்' என்ற பட்டமா? சிந்திக்காதே என்று ஆணையிட்டவனே, சிந்திக்கவில்லையே என்று சிரிக்கிறான்! இந்தக் கேள்வியை எழுப்பும் வேலை, 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி' போன்ற படங்களுக்காகக் காத்திருந்தது. நாடகமேடையிலும் அதே குறை இருந்தது. சுகுண விலாச சபையில் பெண் வேடத்தையும் ஆண்களே போட்டனர். பெண்ணின் பெருமையைப் பேசலாம். பெண் மட்டும் மேடைக்கு வரலாகாது! அக்காலத்தின் எல்லை அது.

இப்போது சின்னமலைக்கு வருவோம்.

'காதலிக்க நேரமில்லை'யை இயக்கிய ஸ்ரீதரும், அவரோடு கதை வசனத்தில் கைகோத்த கோபுவும் செங்கற்பட்டுப் பள்ளித் தோழர்கள். ஈஸ்ட்மென் வண்ணம், ஆழியாறு அணைக்கட்டு, கடற்கரை, விசுவநாதன் - இராமமூர்த்தி இசை, வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, இரவிச்சந்திரன், காஞ்சனா ஆகிய புதுமுகங்கள் - எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் விருந்து. ஆனால் விருந்து ஒருநாள் இனிக்கும். அறுபதாண்டு இனிக்க, உள்ளே வேறொன்று இருக்க வேண்டும். அது என்ன?

சின்னமலைத் தோட்டத்து முதலாளி விசுவநாதன். பாலையா அந்த வேடத்திற்கு உயிர் தந்தார். ஒரு மகன், இரண்டு பெண்கள். மகன் செல்லப்பா, அப்பன் பணத்தில் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' நடத்துகிறான். பெயர்ப்பலகை உண்டு, கதாநாயகி உண்டு, இயக்குநன் உண்டு. படம் மட்டும் இல்லை! பெண்களை எங்கே கொடுப்பது என்பதில் தந்தைக்கு ஒரே அளவுகோல், பணம். வேலையிழந்த ஏழை இளைஞன் அசோகன் அந்த வீட்டு வாசலிலேயே கூடாரமடித்து, வேலை கேட்டுக் கிளர்ச்சி செய்கிறான். பின்னர் அந்த வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். ஏழையாக இருந்தால் பெண் கிடைக்காது. கோடீசுவரன் மகன் என்று பொய் சொன்னால்? கிடைக்கும்! நண்பன் வாசு தாடி ஒட்டிக்கொண்டு, கோடீசுவரத் தந்தையாக வந்து இறங்குகிறான்.

அதற்குப்பின் பாலையாவின் முகத்தைப் பாருங்கள், தோழர்களே! நேற்றுவரை வாசலில் நின்ற நாயாகத் தெரிந்தவன், பணக்காரன் என்று கேள்விப்பட்டதும் மாப்பிள்ளையாகத் தெரிகிறான். குரல் குழைகிறது. முதுகு வளைகிறது. கண் மலர்கிறது. ஆள் அதே ஆள். உடல் அதே உடல். குணமும் அதே குணம். மாறியது அவன் சட்டைப்பையைப் பற்றிய செய்தி ஒன்றே. அந்தச் செய்தியும் பொய்! குலப்பெருமை, குடும்ப கௌரவம், பெரியோர் தீர்ப்பு என்று பூச்சூட்டிப் பொட்டிட்டு நாட்டில் உலவும் பொய்ம்மைகளையெல்லாம், பாலையாவின் கண்ணிமை இரண்டு தடவை துடித்து அம்பலப்படுத்திவிடுகிறது. இதற்கு மேலா ஒரு பிரசாரம் வேண்டும்?

விசித்திரக் குடும்பம் என்கிறார்கள். ஒரு விவரத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டையைப் பின்முன்னாக அணிந்து தெருவில் திரியும் ஏழையைப் 'பைத்தியம்' என்று கல்லால் அடிப்பார்கள். அதையே பணக்காரர் செய்தால், 'பெரியவர் ஒரு மாதிரி, வேடிக்கையான மனிதர்!' என்பார்கள். நம் நாட்டில் விசித்திரமாக இருப்பதற்கும் சொத்து வேண்டும்! படமே எடுக்காமற் படமுதலாளியாக இருப்பது செல்லப்பாவுக்கு வேடிக்கை. கூலிக்காரன் மகன் வேலையே செய்யாமல் வேலைக்காரனாக இருக்க முடியுமா?

அமெரிக்க நாட்டிலும் இத்தகைய படமொன்று உண்டு. பிராங்க் கேப்ரா 1938-இல் எடுத்த 'யூ கான்ட் டேக் இட் வித் யூ'. செத்தால் பணத்தைக் கூடவே கொண்டுபோக முடியாது என்பதே அப்பெயரின் பொருள். அங்கேயும் இரண்டு குடும்பங்கள், அங்கேயும் காதல், அங்கேயும் பணம் குறுக்கே நிற்கிறது. ஆனால் அங்கே விசித்திரமானவர்கள் யார் தெரியுமா? பணத்தின் பின்னால் ஓடுவதை நிறுத்திவிட்டு, பிடித்ததைச் செய்து வாழும் குடும்பத்தார். கடைசியில் வங்கி முதலாளி அவர்களிடம் வந்து மனம் மாறுகிறார். இங்கேயோ பணத்தைக் கட்டிக்கொண்டு அழுபவரே விசித்திர மனிதர். அங்கே பணத்தை விட்டவன் வேடிக்கைப் பொருள். இங்கே பணத்தைப் பிடித்தவன் வேடிக்கைப் பொருள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் மக்களின் நகைச்சுவை உணர்வு ஒன்றும் குறைந்ததில்லை என்பது விளங்கும்.

அம்மட்டோ! அந்தக் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்துக் குடும்பம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த காட்சி.

மகன் தன் படத்துக்குக் கதை சொல்கிறான், தந்தை கேட்கிறார். அறையில் இருப்பவர்கள் இருவர். பேய் இல்லை, பிசாசு இல்லை. இருப்பது ஒரு வாய், இரண்டு காது. வாய் ஓசை எழுப்புகிறது. இடையிடையே நிறுத்துகிறது. குரலைத் தாழ்த்துகிறது, திடீரென உயர்த்துகிறது. தோட்ட முதலாளி, பல பேரை வேலைக்கு வைக்கவும் நீக்கவும் வல்லவர், ஒன்றுமில்லாத ஒன்றைக் கண்டு நடுநடுங்குகிறார். உள்ளங்கை வியர்க்கிறது, விழி பிதுங்குகிறது. பார்க்கும் நாம் சிரிக்கிறோம். ஏன் சிரிக்கிறோம்? பேய் இல்லை என்பது நமக்குத் தெரியும்; அதைச் செய்வது நாகேஷின் நாக்கு என்பது நமக்குத் தெரியும்!

பகுத்தறிவுப் பாடநூல் எழுத வேண்டுமானால், முதற்பாடமாக இக்காட்சியை வைக்கலாம். அச்சம் எப்படி உற்பத்தியாகிறது என்பதைத் தொழிற்சாலைக்குள் அழைத்துச் சென்று காட்டுவதுபோலக் காட்டுகிறது. ஓசை, இடைவெளி, இருள், கேட்பவனின் கற்பனை என்பவையே மூலப்பொருள்கள். குறி சொல்பவன் உடுக்கையை அடிப்பதும் இதே முறை. 'சாமி வந்தவர்' உறுமுவதும் இதே முறை. தோஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சோதிடன் சற்றே மௌனமாகிறானே, அந்த மௌனமும் நாகேஷின் மௌனந்தான்! ஒரே ஒரு வேறுபாடு: நாகேஷ் நம்மைச் சிரிக்க வைத்தார், இவர்கள் நம்மிடம் காணிக்கை வாங்குகிறார்கள்.

ஆனால், அந்தோ! படம் முடிகிறது. பாலையாவின் அச்சத்தைக் கண்டு கண்ணீர் வரச் சிரித்த அதே பெரியவர், பேத்தியின் சாதகக் கட்டை எடுத்து வைத்துக்கொள்கிறார். வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்குகின்றன. புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்குகிறது. அமாவாசை, அட்டமி, இராகுகாலம் எல்லாம் கைப்பேசியிலேயே வந்து சேர்கின்றன. பிறர் பேயைக் கண்டு சிரிப்பது எளிது. தன் வீட்டுப் பேயைக் கண்டு சிரிப்பதற்கே துணிவு வேண்டும்.

இங்கே நம் தோழர்களிற் சிலர் குறுக்கிடுவார்கள். "ஐயா, நாட்டில் எரியும் சிக்கல்கள் எத்தனையோ இருக்க, பழைய கேலிப்படத்தைப் பற்றிப் பேசுவதா? சிரிப்பு, மக்களை உறங்க வைக்கும் அபின். நமக்கு வேண்டியது கனல்!" என்பார்கள்.

கனல் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் இந்த இயக்கத்தின் வரலாற்றையே மறந்துவிட்டுப் பேசலாமா? கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அடுப்பங்கரை வரை பகுத்தறிவைக் கொண்டு சேர்த்தது எதனால்? எம். ஆர். இராதா ஒரு நையாண்டிச் சொல்லால் பத்துச் சொற்பொழிவின் வேலையை முடித்தது எதனால்? 1949-இல் அண்ணா, கலைவாணருக்காக 'நல்லதம்பி'யை எழுதினாரே, அது எத்தகைய படம்? எதிர்பாராமற் செல்வம் வந்து சேர்ந்த எளிய மனிதனைப் பற்றிய நகைச்சுவைப் படம்! அதற்கு அடிப்படை, அதே கேப்ரா 1936-இல் எடுத்த ஆங்கிலப் படம். கேலி பேசினால் கொள்கை கெட்டுவிடும் என்று அண்ணா எண்ணவில்லை. வாதத்தை மறுக்கச் சனாதனிக்கு ஆயிரம் சாத்திரம் உண்டு. சிரிப்பை மறுக்க அவனிடம் ஒரு சுலோகமும் கிடையாது. இதனை அறிந்தவர்கள் நம் முன்னோர்.

ஆகவே நம் குற்றச்சாட்டு, சிரிக்கிறார்கள் என்பதல்ல. பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள் என்பதே.

படமும் பாதியிலேதான் நின்றது. அசோகன் ஏழை என்ற உண்மை வெளிவருகிறது. இருந்தும் மணம் கைகூடுகிறது. மகிழ்ச்சி. ஆனால் பக்கத்திலேயே வாசு நிற்கிறான். அவன் தந்தை உண்மையிலேயே பணக்காரர். விசுவநாதனின் பழைய நண்பர். ஒரு மருமகன் ஏழையானால் என்ன, மற்றொருவன் செல்வன்! தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால், மறுதட்டில் எடைக்கல் வைத்தாயிற்று. அன்றியும், அவர்கள் காதலுக்குக் குறுக்கே வந்து நிற்பது பணம் ஒன்றே. சாதி அங்கே வந்து நிற்கவில்லை. சின்னமலையின் குளிரில் அந்த நச்சுப்பாம்பு சுருண்டு உறங்கிவிட்டது போலும்! பணத்திமிரைக் கேலி செய்யலாம். பணக்காரனும் சேர்ந்து சிரிப்பான், சீட்டும் விற்கும். சாதித்திமிரைக் கேலி செய்தால்? கொட்டகைக்குக் கல் வரும் என்பது படமுதலாளிகளுக்குத் தெரியும்.

தாம்பரத்திலிருந்து தெற்கே அதே இருப்புப்பாதையில் சென்றால் செங்கற்பட்டு. ஸ்ரீதரும் கோபுவும் படித்த ஊர். அந்த ஊரில் 1929 பிப்ரவரித் திங்கள் 17, 18 நாட்களில் ஒரு மாநாடு நடந்தது. முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு. சௌந்தரபாண்டியனார் தலைமை தாங்கினார். பெரியார் முன்னின்று நடத்தினார். பெயருக்குப் பின்னாலுள்ள சாதிப்பட்டத்தைத் துறக்க வேண்டும், பெண்ணுக்குச் சொத்திலே சமபங்கு வேண்டும், வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும் என்று அங்கே முழங்கினார்கள். 'காதலிக்க நேரமில்லை' வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, அதன் கதைக்கு முடிவு எழுதிவிட்ட ஊர் செங்கற்பட்டு!

தீர்மானங்கள் தாளோடு நின்றுவிடவில்லை. 1948-இல் சட்டம் வந்து ஜமீன்தாரி முறையை ஒழித்தது. சபாபதிகள் சிலர் கட்டிலை விட்டு இறங்க நேர்ந்தது. 1967-இல் அண்ணாவின் ஆட்சி, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்தது. புரோகிதர் தேவையில்லை, நெருப்பு வளர்க்கத் தேவையில்லை, உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். 1989-இல் கலைஞர் ஆட்சி, மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் செய்தது. 2018-இல் உச்சநீதிமன்றமும், வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பமோ சாதியோ இசைவு தரத் தேவையில்லை என்று கூறிவிட்டது.

சட்டம் உண்டு. தீர்ப்பு உண்டு. திரையிலே சிரிப்பும் உண்டு. பின் எது குறை?

2024 பிப்ரவரி. தாம்பரத்திற்குக் கிழக்கே, வேளச்சேரிச் சாலையில், பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்துக்குப் பறவைகள் வந்திறங்கும் ஊர். கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் தெரியும் தொலைவிலுள்ள ஊர். அங்கே, சாதி கடந்து ஒரு பெண்ணை மணந்த தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞர் ஒருவர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். மணமாகிச் சில திங்களே ஆகியிருந்தன. பெண்ணின் உடன்பிறந்தான் உள்ளிட்டோரைக் காவல்துறை கைது செய்தது.

மலைப்பகுதிச் சிற்றூரில் அல்ல, தோழர்களே! பேருந்தும் மின்விளக்கும் பள்ளிக்கூடமும் இல்லாத பட்டிக்காட்டில் அல்ல! மாநகரத்தின் தென்வாயிலில். 1931-லேயே மின்சார வண்டி வந்துவிட்ட தாம்பரத்திற்கு அடுத்த வட்டாரத்தில். அந்தத் தெருவிலும் ஞாயிறுதோறும் தொலைக்காட்சி ஓடியிருக்கும். அந்த வீடுகளிலும் பாலையாவைக் கண்டு சிரித்திருப்பார்கள்.

சின்னமலைத் தந்தையின் கையில் இருந்தது பணக்கணக்கு. அதனால் அது நகைச்சுவை. பள்ளிக்கரணையில் கையில் இருந்தது கொலைக்கருவி. அதனால் அது துன்பியல். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே: 'பெண் எங்கள் உடைமை, அவளை யாருக்குக் கொடுப்பது என்பது எங்கள் உரிமை' என்ற எண்ணம். திரையில் அந்த எண்ணம் தாடி வேடத்திடம் ஏமாந்து அசடு வழிகிறது. தெருவில் அதே எண்ணம் உயிரைக் குடிக்கிறது. இத்தகைய கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் வேண்டுமென்ற குரல் நெடுநாளாக எழுந்ததன் பின், 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அதற்கென ஆணையம் அறிவித்தது. சட்டம் வரட்டும், வரவேற்போம். ஆனால் சட்டம், கொலை நடந்த வீட்டுக்குள் காவலரை அனுப்பும். கொலை பிறக்கும் வீட்டுக்குள், அதாவது கூடத்துக்குள், சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், யாரை அனுப்புவது?

உம்மைத்தான் அனுப்ப வேண்டும், தோழரே!

பழைய படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டனாரின் சிரிப்பைப் பறிக்கச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அப்படம் வரும்போது நீரும் அமர்ந்து பாரும், வயிறார நகையும். பாலையா, பணக்காரன் என்றதும் முதுகு வளைக்கிறாரே, அந்த இடத்தில் மெல்லக் கேளும்: "அப்பா, இவருடைய அளவுகோல் பணம். சிரித்தோம். நம் வீட்டு அளவுகோல் எது?" நாகேஷ் கதை முடிந்து பாலையா வெலவெலத்துப் போகும்போது கேளும்: "தாத்தா, அங்கே பேய் இல்லை என்று சிரித்தீர்களே, நம் வாசலில் தொங்கும் எலுமிச்சம்பழம் யாருக்காக?" சபாபதி புட்டியை உடைக்கும்போது கேளும்: "நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கிறோமே, அது ஏன்?"

முதல்முறை அமைதி நிலவும். இரண்டாம் முறை சினம் வரும். மூன்றாம் முறை விவாதம் வரும். விவாதம் வந்துவிட்டால் வெற்றி பாதி வந்துவிட்டது என்று பொருள். பேத்தி கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதை மறவாதீர்! நாளை அவள் தன் துணையின் பெயரை அந்தக் கூடத்திலே சொல்ல வேண்டியவள். அன்று அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு குரல் இருக்கிறதா, இல்லையா என்பதை அவள் இன்றே எடைபோட்டுக் கொண்டிருக்கிறாள்.

அந்தக் குரல் பேச்சோடு நிற்கலாகாது. உமது திருமணம் சாதகம் பாராத திருமணமாகட்டும். சாதி கடந்து மணந்தோர் உம் ஊருக்கு வந்தால், வாடகை வீடு தேடித் தருவதும், பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்திடுவதும், இரவில் கதவு தட்டப்பட்டால் உடன் நிற்பதும் உமது கடமையாகட்டும். செங்கற்பட்டுத் தீர்மானம் தாளில் இருக்கிறது. அதற்குத் தாம்பரத்தில் முகவரி வேண்டும். அது உமது வீட்டு முகவரியாக இருக்கட்டும்!

அறுபதாண்டாக ஒரு கேலிப்படம் வாழ்கிறது. அது கலைஞர்களுக்குப் பெருமை. ஆனால் அது கேலி செய்த தந்தையும் அதே அறுபதாண்டாக வாழ்கிறாரே, அது யாருக்குச் சிறுமை? நமக்கு! அந்தத் தந்தை நாட்டில் இல்லாமற் போகும் நாளிலும் அப்படம் ஓடும். அப்போது பேத்தியின் பேத்தி அதனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்பாள்: "மகள் யாரைக் காதலித்தாலும் அப்பாவுக்கு என்ன? இவர் ஏன் இப்படிக் குதிக்கிறார்?"

அவளுக்கு அது விளங்காமற் போக வேண்டும். அந்த விளங்காமைக்காகவே நாம் உழைக்கிறோம்.